சேலத்தில் வீடியோ வேலைக்கு முதல் பார்ட்டியைப் பிடிப்பது எப்படி?

"எங்க அக்கா பையனே நல்லா ரீல்ஸ் எடுப்பான் தம்பி, தேவைன்னா அவனையே கூப்பிட்டுக்குவேன்."

வீடியோ மார்க்கெட்டிங் செய்து தருகிறேன் என்று சேலத்தில் கடை கடையாக ஏறி இறங்கினால் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுவிடுவீர்கள். ஐந்து ரோட்டில் ஆரம்பித்து சாரதா கல்லூரி சாலை முடிகிற வரை ஒரே நாளில் பதினேழு கடை ஏறினேன். நான்கு பேருக்கு அக்கா பையன் இருந்தான், ஒருவருக்கு மச்சான். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை, போன் வைத்திருக்கிற எல்லோரும் வீடியோ எடுக்கிற காலத்தில் நாமும் போய் வீடியோ எடுத்துத் தருகிறேன் என்று நின்றால் எதற்குக் காசு கொடுப்பார்கள்? கடைக்காரருக்குத் தினமும் தலைவலி கொடுக்கிற ஏதோ ஒன்றை வீடியோவால் குறைத்துக் கொடுத்தால் கொடுப்பார்கள். அந்தத் தலைவலியைக் கண்டுபிடிக்கிற வழியைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

என்ன கேமரா வாங்கலாம் என்று இதில் தேடாதீர்கள். கையில் இருக்கிற போன், ஒரு ட்ரைபாட், சட்டையில் மாட்டுகிற மைக், இவ்வளவு போதும். மைக்கில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தடவை ஹாரன் சத்தத்தில் ஷூட் பண்ணிப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

முதல் படி: யாருடைய வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார்?

ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு உங்களுக்குத் தெரிந்த தொழில்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் அவரிடம் வாங்குகிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று குறியுங்கள். சின்ன வேலைதான், ஆனால் நான் இதைச் செய்யாமல் இரண்டு மாதம் வீணாக்கினேன்.

தட்டுவடை செட் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். துருவிய பீட்ரூட், கேரட், இரண்டு நிறச் சட்னி, படம் பிடிக்க இதைவிட அழகான சரக்கு இந்த ஊரில் கிடையாது, எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் கடையில் நிற்கவே இடமில்லை, எட்டரைக்குச் சரக்கு தீர்ந்துவிடும். அவருக்கு வீடியோ எதற்கு? பாராட்டுவார், ஒரு செட் இலவசமாகக் கொடுப்பார், காசு வராது.

வெள்ளிக் கொலுசு வேறு கதை. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்துப் பட்டறைகளில் செய்கிற கொலுசைப் பெரும்பாலும் வாங்குகிறவர் நம் தெருவில் இல்லை, வெளியூரிலும் வெளி மாநிலத்திலும் இருக்கிற வியாபாரி. அதனால் பட்டறைக்காரரிடம் போய் "ஆயிரக்கணக்கில் வியூஸ் வரும்" என்றால் அவருக்குப் பயம்தான் வரும். டிசைனை எதிர் பட்டறைக்காரன் பார்த்துவிடுவான் இல்லையா! ஒரு பட்டறையில் நான் போனை வெளியே எடுத்ததுமே முதலாளி தட்டின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டார். அவருக்குத் தேவை, இருபது முப்பது வியாபாரிகளுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மாதிரி, கொலுசைக் கையில் எடுத்து மடக்கி, சலங்கைச் சத்தம் கேட்க, எடையும் டச்சும் (வெள்ளி எவ்வளவு சுத்தம் என்பதும்) சொல்லி முடிக்கிற ஒரு நிமிட வீடியோ. பேச்சு இந்தியில் இருந்தால் இன்னும் நல்லது. விலையை மட்டும் வீடியோவில் போடவே போடாதீர்கள், வெள்ளி விலை தினமும் மாறும், நேற்றைய வீடியோவைக் காட்டி இன்று சண்டைக்கு வருவார்கள்.

ஜவ்வரிசியும் இதே வகைதான். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் நம் வீட்டில் பாயசத்துக்கும் வடகத்துக்கும் போடுவதோடு சரி. மகாராஷ்டிரம், குஜராத் பக்கம் விரத நாளில் சாப்பாடே அதுதான். ஆலைக்காரர்களுக்குச் சரக்கை விற்க 1981-லிருந்து சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, அவர்களுக்கு நாம் அவ்வளவு அவசரமில்லை. சொந்தப் பெயரில் அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட் போடுகிற சின்ன ஆட்கள்தான் நம் பார்ட்டி. நவராத்திரிக்கு ஒன்றரை மாதம் முன்பே அவர்களைப் பார்த்துவிட வேண்டும்.

மாம்பழப் பார்சல் அனுப்புகிறவர்களிடம் சித்திரை, வைகாசியில் போனால் "போய்ட்டு ஆடியில வாங்க" என்பார்கள். ஆடியில் பழம் எங்கே இருக்கும்? மாசியில் பேசி முடித்து, முதல் காய் இறங்கும்போது கேமராவோடு தோப்பில் நிற்க வேண்டும்.

இளம்பிள்ளை சேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் போக வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே வீடியோ போட்டு விற்பவர்கள் ஏற்கெனவே ஏராளம், உங்களுக்கு அவர்களே பாடம் எடுப்பார்கள்.

இப்படி எழுதிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு தொழிலை எடுங்கள். எல்லாருக்கும் எல்லாம் செய்கிறேன் என்று கார்டு அடித்தால் யாருக்கும் நினைவில் நிற்காது. நான் எடுத்தது ஏற்காடு ஹோம்ஸ்டே.

இரண்டாம் படி: போனில் என்ன கேட்கிறார்கள்?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. கீழே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் ஸ்வெட்டர் தேடுவார்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை அங்கே யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள், மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏறவே ஏறாதீர்கள். நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காபித் தோட்டத்துக்குள் நான்கு அறை வைத்து நடத்துகிற ஒருவர், வயது அறுபது இருக்கும், திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வீடியோ பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை.

"ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை போன் வருதுங்க?"

"அது வரும் பத்துப் பதினஞ்சு. ரூம் போடறவங்க ரெண்டு பேர்தான்."

"மத்தவங்க என்னங்க கேக்கறாங்க?"

மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடம் கொட்டித் தீர்த்தார். கார் வாசல் வரைக்கும் வருமா, மெயின் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் மண் ரோடு, சுடுதண்ணி எத்தனை மணி வரைக்கும், போன் சிக்னல் கிடைக்குமா, வயசான அம்மா வர்றாங்க படி ஏறணுமா, அட்டை கடிக்குமா. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். "இதுக்குத் தெனமும் பதில் சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது தம்பி" என்றார். தலைவலி கிடைத்துவிட்டது!

அன்றைக்கே ஒரு வீடியோ எடுத்தேன். மெயின் ரோட்டுத் திருப்பத்தில் ஆரம்பித்து அவருடைய கேட் வரைக்கும், பைக்கில் பின்னால் உட்கார்ந்து, வெட்டாமல் எடுத்த 40 நொடி. பாட்டு இல்லை, ட்ரோன் இல்லை, பனிமூட்டம் கொஞ்சம் இருந்தது, அது தானாக வந்தது. "கார் வருமா" என்று கேட்கிறவருக்கு இதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். ஒன்பதாம் நாள் அவரே கூப்பிட்டார், மீதிக் கேள்விகளுக்கும் எடுத்துக் கொடு, எவ்வளவு ஆகும் என்று. அதுதான் என் முதல் வருமானம். சூரிய உதயமும் பகோடா பாயிண்டும் வைத்து நான் முன்பு எடுத்து வைத்திருந்த சினிமாத்தனமான சாம்பிளை அவர் பார்க்கக்கூட இல்லை.

எந்தத் தொழிலுக்கும் இதே கேள்விதான். மாம்பழக்காரரிடம் "கார்பைடு போட்டுப் பழுக்க வெச்சதா" என்று கேட்பார்கள். டியூஷன் சென்டரில் "ஒரு பேட்ச்ல எத்தனை பசங்க", கேக் கடையில் "முட்டை சேர்க்காம கிடைக்குமா". ஐந்து கேள்வி சேர்ந்தால் ஐந்து வீடியோ, ஒரு மாத வேலை தயார். ஒரு எச்சரிக்கை, உண்மையாக இருப்பதை மட்டும் எடுங்கள். கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படியே தடை, தோப்புக்காரர் வைக்கோலில்தான் பழுக்க வைக்கிறார் என்பதை நீங்களே கண்ணால் பார்த்தால் ஒழிய அந்த வரியை வீடியோவில் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: போவதற்கு முன் அரை மணி நேரம்

கூகுள் மேப்ஸில் அந்தக் கடையைத் தேடுங்கள். போன் நம்பர் பழசா, யாரோ வழிப்போக்கர் எடுத்த மங்கலான படம் முதலில் நிற்கிறதா, விமர்சனங்களுக்குப் பதிலே இல்லையா என்று பாருங்கள். பல கடைகளின் பக்கத்தை உரிமையாளர் தன் பெயரில் எடுத்துக்கொண்டிருக்கவே மாட்டார். அதைச் சரி செய்து கொடுப்பது காசில்லாத வேலை, ஆனால் கடைக்குள் நுழைய நல்ல காரணம். அந்தப் பக்கத்தில் வீடியோவும் ஏற்றலாம், 30 நொடிக்குள், 75 எம்பிக்குள் இருக்க வேண்டும். யூடியூப் ஷார்ட்ஸில் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை போகலாம், போகலாம் என்பதற்காகப் போகத் தேவையில்லை.

நான்காம் படி: எப்போது போவது, எப்படிப் பேசுவது

காலையில் போணி ஆவதற்கு முன் எந்தக் கடைக்கும் போகாதீர்கள். விற்க வருகிறவன் முகத்தில் விழித்தால் நாள் விளங்காது என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு, அதில் தப்பும் சொல்ல முடியாது. பேக்கரிக்குப் பதினொன்றரை, துணிக்கடைக்கு மதியம் மூன்று மணி சரியான நேரம். கல்லாவில் இருப்பவர் முதலாளியா, மேனேஜரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், மேனேஜரிடம் அரை மணி நேரம் பேசி முடித்த பிறகு "ஓனர் வந்தா சொல்றேன்" என்றால் அத்தோடு முடிந்தது.

ரீச், என்கேஜ்மென்ட், பிராண்டிங் போன்ற சொற்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இந்த அளவு பேசினால் போதும்: "அண்ணா, மேப்ல உங்க கடை நம்பர் தப்பா இருக்குங்க, மாத்திக் கொடுத்துடறேன். அப்புறம் உங்ககிட்ட போன்ல அதிகமா என்ன கேக்கறாங்கன்னு மட்டும் சொல்லுங்க." அக்கா பையன் பேச்சு வந்தால் வாதாடாதீர்கள். "அவரே எடுக்கட்டும்ங்க, என்ன எடுக்கணும்னு நான் எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு நம்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பையனுக்குப் பரீட்சை வரும்.

ஐந்தாம் படி: இலவசமும் காசும்

ஒரு இனிப்புக் கடைக்கு மூன்று வீடியோ முழுசாக இலவசமாக எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒன்றைக்கூட அவர்கள் போடவில்லை. பின்னால்தான் தெரிந்தது, கடையின் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு வேலையை விட்டுப் போன ஒரு பையனிடம் இருந்ததாம். அதனால் இப்போது நான் கேட்கிற முதல் கேள்வி, கணக்கு யார் போனில் இருக்கிறது? சாம்பிள் என்றால் ஒரே ஒரு கேள்விக்கான ஒரே ஒரு சின்ன வீடியோ, அதற்கு மேல் போகாதீர்கள்.

மாதத்துக்கு நான்கு சின்ன வீடியோ, ஒரு நாள் ஷூட்டிங், இரண்டு தடவை திருத்தம் என்று நான் ஆரம்பத்தில் 6,000 ரூபாய் வாங்கினேன், பாதி அட்வான்ஸ். ஏற்காடு என்றால் பெட்ரோல் தனி. இதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், குறிப்பாகத் திருத்தம் எத்தனை தடவை என்பதை. அதை எழுதாமல் விட்ட ஒரு கல்யாண மண்டப வீடியோவைப் பதினோரு தடவை மாற்றியிருக்கிறேன். விளம்பரத்துக்குக் கட்டுகிற பணம் உங்கள் கூலியில் சேராது, அது அவர் கார்டிலிருந்தே நேராகப் போகட்டும், உங்கள் கை வழியாகப் போனால் என்றைக்காவது கணக்குத் தகராறு வரும். ஜிஎஸ்டி பற்றி இப்போதே கவலை வேண்டாம், சேவைத் தொழிலில் பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் பதிவு கட்டாயம்.

போகக்கூடாத இடங்கள்

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்ய இந்திய பார் கவுன்சில் விதி 36 தடை போடுகிறது. மருத்துவர்கள் நோயாளிகளைப் பிடிக்க விளம்பரம் செய்வதை 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் நெறிமுறைகள் தடுக்கின்றன. சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும் என்று சூரணம் விற்கிறவருக்கு வீடியோ எடுத்துக் கொடுத்தால் 1954-ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் இருக்கிறது. இவர்கள்தான் கேட்ட காசைக் கொடுப்பார்கள், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

கடை வீடியோவுக்கு சினிமாப் பாட்டு போடாதீர்கள், உரிமைப் பிரச்சினை வந்தால் ஒலியை அணைத்துவிடுவார்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் முகம் தெரிந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், முதலாளி சரி என்றால் போதாது.

இரண்டாவது பார்ட்டி

மாதக் கடைசியில் வியூஸ் கணக்கைக் கொண்டுபோய் நீட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். கல்லா பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு வைத்து, வீடியோ பார்த்து வந்தேன் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஹோம்ஸ்டேக்காரர் காலண்டரிலேயே கோடு போட்டார், முதல் மாதம் ஏழு. அந்தக் காலண்டரைப் போட்டோ எடுத்துப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் காட்டினேன், அவரே சொந்தக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுவிட்டார். மலையில் எனக்கு வந்த ஐந்து பார்ட்டியில் நான்கு பேர் இப்படி வந்தவர்கள். வேலை அதிகமானதும் எடிட்டிங்குக்கு ஒரு பையனைச் சேர்த்தேன், சாரதா கல்லூரி சாலைக் கடைக்காரர் ஒருவருடைய அக்கா பையன், உண்மையிலேயே நன்றாகத்தான் எடுக்கிறான்.

எந்த மாதம் யாரைப் பார்ப்பது என்று ஒரு காலண்டர் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வாரம் டவுனில் யாருக்கும் பேச நேரமிருக்காது. அப்போது மலைக்குப் போங்கள், சீசன் முடிந்து ஹோம்ஸ்டேக்காரர்கள் திண்ணையில்தான் இருப்பார்கள். காபித்தூள் விற்கிற எஸ்டேட்காரர்களை அக்டோபரிலேயே பேசி முடித்துவிடுங்கள், நவம்பரில் பழம் பறிக்க ஆரம்பித்துவிட்டால் போனை எடுக்க மாட்டார்கள், ஆனால் சிவந்த பழத்தைப் படம் பிடிக்க அந்த இரண்டு மூன்று மாதம்தான் இருக்கிறது. பூ வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரலில் கோடை மழை பெய்த பிறகு சில நாள் மட்டும் செடியெல்லாம் வெள்ளையாக நிற்கும். அதற்கு எஸ்டேட் மேஸ்திரி நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மழை பெய்த அன்றைக்கே அவர் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்.