வென்ட் பைப்புக்கு தொப்பி போட்டவன் நான்தான்: செப்டிக் டேங்க் நாத்தத்துல பண்ணக்கூடாத தப்புகள்

போன மாசம் சென்னையில முடிச்சூர் பக்கம் ஒரு புது வீட்டுக்குப் போனேன். கிரகப்பிரவேசம் முடிஞ்சு ஆறு மாசம்தான் ஆகுது, வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே ஊதுபத்தி வாசனையும் அதுக்கு அடியில அந்த அழுகின முட்டை வாடையும் சேர்ந்து வருது. வீட்டுக்காரத் தம்பி ஐடில வேலை பாக்குறவர், "அண்ணே, எல்லாம் பண்ணிட்டேண்ணே, போகவே மாட்டேங்குது"ன்னாரு. என்னென்ன பண்ணீங்கன்னு கேட்டா ஒரு லிஸ்ட் சொன்னாரு பாருங்க, அதுல பாதி நான் தொழிலுக்கு வந்த புதுசுல என் சொந்த வீட்டுல பண்ணதுதான். அதான் எழுதிடுவோம்னு உக்காந்தேன். நாப்கின் போடாதீங்க, டயப்பர் போடாதீங்க இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடுறேன்.

ஆசிட், பினாயில், ப்ளீச்சிங் பவுடர்

பாத்ரூம் கழுவ ஒரு மூடி ஊத்துறதால ஒண்ணும் ஆகாது. நாத்தம் அடிக்குதேன்னு பாட்டில் பாட்டிலா டாய்லெட்ல கவுக்குறாங்க பாருங்க, அதுதான் வினை. டேங்க்குள்ள கழிவைத் தின்னு கரைக்கிறதே பாக்டீரியாதான், அதைக் கொன்னுட்டா கசடு கரையாம அப்படியே சேரும். ரெண்டு நாளைக்கு பினாயில் வாசனை மூக்கை ஏமாத்தும், மூணாம் நாள் பழைய கதை. ஆசிட்டையும் ப்ளீச்சிங்கையும் ஒண்ணா ஊத்தினா குளோரின் கேஸ் வரும், அது வேற ஆபத்து.

சும்மா கிடக்குற பாத்ரூம்

வாரம் ஒரு மக்கு தண்ணி ஊத்துங்க, இல்லன்னா ட்ராப் (ஓட்டைக்கு அடியில வாடையைத் தடுக்க தண்ணி நிக்கிற வளைவு) காஞ்சுடும். ஊருக்குப் போறீங்கன்னா அது மேல ரெண்டு ஸ்பூன் எண்ணெய். அவ்ளோதான்.

வென்ட் பைப்பை மூடுறது

இதைப் பத்திதான் பேசணும். இத்தனை வருஷத்துல இதைப் பாத்தா மட்டும் எனக்கு இன்னும் கோவம் வருது, முக்கியமா நானே பண்ணி நானே காசு கட்டினதால.

எங்க வீட்டுல மாடி டாய்லெட்ல இருந்து இறங்குற நாலு இஞ்ச் பைப்பையே மேல நீட்டி மொட்டை மாடியில வென்ட்டா, அதாவது காத்தும் கேஸும் போய் வர்ற வழியா, விட்டிருந்தோம். கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஒரு அடி இருக்கும், அவ்ளோதான் உயரம். துணி காயப் போடுற கொடி பக்கத்துலயே. சாயங்காலம் காத்து திரும்பினா துணியெல்லாம் நாறுதுன்னு வீட்டுல தினம் ஒரு பஞ்சாயத்து. நான் என்ன பண்ணேன், பெரிய மேஸ்திரி கணக்கா நாலு இஞ்ச் எண்ட் கேப் ஒண்ணு வாங்கி, சொல்யூஷன் தடவி, திருப்பி அழுத்தி ஒட்டிட்டேன். முப்பது ரூபா செலவு. மறுநாள் மாடியில நாத்தமே இல்ல. வீட்டுல காபி கூட கொஞ்சம் ஸ்ட்ராங்கா கிடைச்சுது.

ஒரு வாரம் போச்சு. மேல ஃப்ளஷ் பண்ணா கீழ பாத்ரூம் ஓட்டையில "குளுக் குளுக்"னு சத்தம். அப்புறம் கீழ பாத்ரூம்ல லேசா வாடை. அப்புறம் லேசா இல்ல. நான் நெனைச்சது என்னன்னா ட்ராப்ல எங்கயோ விரிசல், இல்லன்னா க்ளோசெட் அடியில லீக்குன்னு. ஆளை வெச்சு டைல்ஸை உடைச்சு, நாணி ட்ராப்பை (பாத்ரூம் தரை ஓட்டையில இருக்குற ட்ராப்) மாத்தி, க்ளோசெட்டைக் கழட்டி திரும்ப உக்கார வெச்சு, வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி, புது டைல்ஸ் போட்டு, எல்லாம் சேர்த்து 38,000 ரூபா. அந்த பழைய டைல்ஸ் கலர் வேற கடையில கிடைக்கல, அதனால தரை முழுக்க மாத்த வேண்டியதாப் போச்சு. பத்து நாள் கழிச்சு அதே வாடை.

கடைசியா எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்த பெரியவரைக் கூட்டிட்டு வந்தேன். மனுஷன் பாத்ரூம் பக்கமே போகல. நேரா படியேறி மாடிக்குப் போனாரு, பைப்பைப் பாத்தாரு, "எந்தக் கிறுக்கன்டா இதுக்கு தொப்பி போட்டான்?"னாரு. நான்தாங்கன்னு சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆச்சு. ஆக்ஸா பிளேடை வாங்கி கேப்புக்கு கீழ அறுத்துப் போட்டுட்டு, "போய் எல்லா ட்ராப்புலயும் ஒரு மக்கு தண்ணி ஊத்து"ன்னாரு. அன்னிக்கு ராத்திரியே வாடை நின்னுடுச்சு.

விஷயம் இதுதான். ட்ராப்ல எப்பவும் 50 மில்லிமீட்டர், அதாவது ரெண்டு இஞ்ச் தண்ணி நிக்கணும். உங்க வீட்டுக்கும் டேங்க்குக்கும் நடுவுல வேற கதவு கிடையாது, அந்த ரெண்டு இஞ்ச் தண்ணிதான் கதவு. மேல ஃப்ளஷ் பண்ணும்போது தண்ணி பைப்புல விழற வேகத்துல காத்தையும் கூடவே இழுத்துட்டுப் போகும். வென்ட் திறந்திருந்தா அந்தக் காத்து மொட்டை மாடியில இருந்து வரும். மூடிட்டா? பக்கத்துல இருக்குற ட்ராப் தண்ணியை ஸ்ட்ரா வெச்சு உறிஞ்சுற மாதிரி உறிஞ்சிடும். கீழ தள்ளுற காத்துக்கும் வெளிய போக வழி இல்ல, அது கீழ் வீட்டு ட்ராப்பைப் பிளந்துட்டு மேல வரும், அந்தக் குளுக் சத்தம் அதுதான். டேங்க்ல உருவாகுற ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதே வழியா உங்க பாத்ரூமுக்கு வந்துடும்.

சந்தேகமா இருந்தா ஒண்ணு பண்ணுங்க. கீழ பாத்ரூம் ஜல்லடை மேல ஒரு மெல்லிசு கேரி பேக்கை விரிச்சு ஓரம் பூரா டேப் ஒட்டிட்டு, மேல ஒருத்தரை ஃப்ளஷ் பண்ணச் சொல்லுங்க. கவர் பலூன் மாதிரி உப்பினாலோ, உள்ள குழிஞ்சாலோ காத்து வழி சரியில்ல. முடிச்சூர் தம்பி வீட்டுல பூரி மாதிரி உப்புச்சு.

அவரு கேப் போடல, பாலிதீன் கவரை சுத்தி சைக்கிள் டியூப் ரப்பரால கட்டி வெச்சிருந்தாரு. ஏன்னா பைப்பே தப்பான இடத்துல முடியுது. முன்பக்கம் எலிவேஷன் கெடுதுன்னு அதை முதல் மாடி சன்ஷேடுக்கு அடியிலயே நிறுத்திட்டாங்க, மேல பெட்ரூம் ஜன்னல். நாறாம என்ன பண்ணும்? இப்பல்லாம் இது ஒரு ஃபேஷனாவே ஆகிடுச்சு, ஸ்பாட் லைட் போட இடம் இருக்கு, ஒரு பைப் ஏற இடம் இல்ல. செப்டிக் டேங்க்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 2470 தெளிவா சொல்லுது: வென்ட் பைப் குறைஞ்சது 50 மில்லிமீட்டர், டேங்க் வீட்டுல இருந்து 15 மீட்டருக்குள்ள இருந்தா பைப் கட்டிடத்தோட உச்சிக்கு மேல 2 மீட்டர் போகணும். நம்ம ஊர்ல அரை கிரவுண்டு மனையில எவன் வீட்டுல 15 மீட்டர் தள்ளி டேங்க் இருக்கு? அதனால மாடிக்கு மேல ஆறரை அடி, வேற பேச்சே இல்ல. மேல ஒரு கவ்ல் (காத்து போக பக்கவாட்டுல திறப்பு இருக்குற மூடி), அதுக்குள்ள கொசுவலை. வலை சிலந்திக்கூடும் தூசியும் சேர்ந்து அடைச்சுக்கும், அதுவும் தொப்பி போட்ட மாதிரிதான், வருஷம் ஒரு தடவை பாருங்க.

நாறுற வென்ட்டை உயர்த்தணும், மூடக்கூடாது. எனக்கு இது 38,000 ரூபா பாடம்.

வாஷிங் மெஷின் ஓஸ்

பைப் ஓட்டைக்குள்ள ஓஸை சும்மா சொருகி விட்டிருப்பாங்க, கீழ ட்ராப்பே இருக்காது. பாத்ரூமை உடைக்குறதுக்கு முன்னாடி இந்த ஓட்டையை மோந்து பாருங்க.

டேங்க்கை சொட்டு விடாம சுத்தம் பண்றது

லாரி வந்து உறிஞ்சினதும், குடுத்த காசுக்கு பளபளன்னு இருக்கணும்னு ஓஸ் போட்டு கழுவி, உள்ள ப்ளீச்சிங் போடச் சொல்றவங்க இருக்காங்க. அடியில கொஞ்சம் கசடு இருக்கட்டும், அதுதான் தயிருக்கு உறை ஊத்துற மாதிரி. மொத்தமா வழிச்சு எடுத்தா பாக்டீரியா திரும்ப வளர்ற வரைக்கும் சில வாரம் முன்னைவிட அதிகமா நாறும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தா போதும்.

மூடியைத் திறந்து எட்டிப் பாக்குறது, ஆளை இறக்குறது

கூடவே கூடாது. தீக்குச்சி உரசிப் பாக்குறதும் கூடாது, மீத்தேன் இருக்கும். அந்த முட்டை வாடை திடீர்னு நின்னா கேஸ் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அளவு கூடினா ஹைட்ரஜன் சல்ஃபைடு மூக்கை மரத்துப் போக வெச்சுடும். பாதுகாப்புக் கருவி இல்லாம மனுஷனை உள்ள இறக்குறது, கையால மலம் அள்ளுறதைத் தடை பண்ற 2013 சட்டப்படி குற்றம். "அஞ்சு நிமிஷ வேலைதானேண்ணே"ன்னு என்கிட்ட கேட்டவங்க வீட்டு வேலையை நான் அதுக்கப்புறம் எடுக்கறதில்ல.

ஐப்பசி கார்த்திகையில லாரி கூப்பிடுறது

எங்க ஏரியாவுல மழை புடிச்சா நிலத்தடி நீர் கிட்டத்தட்ட தரை மட்டத்துக்கு ஏறிடும். சோக் பிட் (டேங்க்ல இருந்து வர்ற தண்ணி மண்ணுக்குள்ள இறங்குற உறைக் குழி) உறிஞ்சாது, உறையே தண்ணியில முங்கிக் கிடக்கும், டேங்க் நிரம்பி சேம்பர் வழியா நாறும். உடனே லாரிக்கு போன் போடுவாங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் எங்க தெருவுலயே மூணு வீட்டுல எடுத்தாங்க, வெளிய நிக்கிற தண்ணி கசிஞ்சு உள்ள இறங்கி நாலாம் நாள் டேங்க் பழையபடி ஃபுல்லு. அதுல ஒருத்தர் வெச்சிருந்தது பிளாஸ்டிக் டேங்க். காலியானதும் அடியில இருந்த தண்ணி அதைத் தூக்கிடுச்சு, இன்லெட் பைப்பையும் முறிச்சுட்டு தரைக்கு மேல ஒரு சாண் வந்து நின்னுது. தண்ணி இறங்கினப்புறம் பொங்கல் கழிச்சு எடுத்திருக்கலாம். அவரு பொங்கல் கழிச்சு புது டேங்க் வாங்கினாரு.