பசுமைக்குடில் வாங்கலாமா? முதலில் ஒரு வெப்பமானி வாங்குங்கள்

வீட்டுத்தோட்டம் ஓரளவு கைகூடி வந்ததும் அடுத்து வருகிற ஆசை பெரும்பாலும் கண்ணாடியோ பாலித்தீனோ போர்த்திய பசுமைக்குடில்தான். விற்பனைப் படங்களில் அது பளபளவென்று நிற்கும், உள்ளே தக்காளி சரம் சரமாகத் தொங்கும், ஓர் ஓரத்தில் நாற்காலி கூடப் போட்டிருப்பார்கள். வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் குடில் தேடுகிற நிறையப் பேருக்கு உண்மையில் வேண்டியிருப்பது அதில் ஒரு பாகம் மட்டும்தான். ஒருவருக்கு மழை படாத கூரை போதும், இன்னொருவருக்குப் பூச்சி நுழையாத வலை போதும், வேறு ஒருவருக்குக் குளிர்காலத்து இரவுகளில் செடியைப் போர்த்தி வைக்க ஒரு துணி போதும். தனக்கு வேண்டியது எது என்று பார்க்காமல் முழுக் குடிலை வாங்கியவர்கள் வீட்டில் அது இரண்டு வருடத்தில் தட்டுமுட்டுச் சாமான் போடும் இடமாகிவிடுகிறது.

குடில் என்னதான் செய்கிறது?

இது புரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வருகிறது, மண்ணும் செடியும் தரையும் அதை வாங்கிச் சூடாகின்றன, அவை பக்கத்துக் காற்றைச் சூடாக்குகின்றன. வெளியில் என்றால் அந்தச் சூடான காற்று மேலே போய்விடும், குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். குடிலுக்குள் அது போக வழியில்லை. கண்ணாடி வெப்பக் கதிரைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே சூடு என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம், அதன் பங்கு சின்னது. 1909-இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்துப் பார்த்தார். ஒன்றின் மூடி கண்ணாடி. இன்னொன்றின் மூடி, வெப்பக் கதிரைத் தாராளமாக வெளியே விடும் பாறை உப்புத் தகடு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, 55 டிகிரி செல்சியஸ் வரை சூடாயின.

இதில் நமக்கு என்ன? உள்ளே காற்றை அடைத்து வைப்பதுதான் குடிலின் வேலை, ஆகவே அந்தக் காற்றை வேண்டும்போது வெளியேற்ற வழி இல்லாத குடில் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரைப் போலத்தான். வெளியே 30 டிகிரி இருக்கிற நாளில் மூடிய சின்னக் குடிலுக்குள் 45 தாண்டுவது சாதாரணம். தக்காளிப் பூவில் 35 டிகிரிக்கு மேல் மகரந்தம் கெட ஆரம்பிக்கும், பூ உதிரும், செடி மட்டும் பச்சைப்பசேல் என்று வளர்ந்துகொண்டே போகும், காய் இருக்காது.

இரவில் கதை வேறு. சூடாக்கி இல்லாத குடில் விடியற்காலையில் வெளியை விட ஒன்றிரண்டு டிகிரிதான் கதகதப்பாக இருக்கும். பாலித்தீன் போட்டது என்றால் மேகமில்லாத, காற்றசையாத இரவில் உள்ளே வெளியை விடக் குளிர்ந்துபோவதும் உண்டு, ஏனென்றால் பாலித்தீன் வெப்பக் கதிரை அப்படியே வானத்துக்கு விட்டுவிடும். "குடில் இருந்தால் உறைபனியில் கூடச் செடி பிழைக்கும்" என்று யாராவது சொன்னால், சூடாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் தொல்லை எது?

ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள்: போன வருடம் செடிகள் எதனால் போயின? குளிரா, வெயிலா, மழையா, பூச்சியா? பதிலுக்குத் தகுந்தபடி வாங்க வேண்டிய பொருள் மாறும்.

வெயில்தான் தொல்லை என்றால் குடில் வேண்டவே வேண்டாம். நிழல்வலை போடுங்கள். கீரைக்கும் நாற்றுக்கும் 50 சதவீத வலை, அதாவது பாதி வெளிச்சத்தை மறைக்கும் வலை, ஒத்துவரும். காய்க்கிற செடிகளுக்கு அவ்வளவு நிழல் ஆகாது, 30, 35 சதவீதத்துக்கு மேல் போனால் இலை செழிக்கும், காய் குறையும். வலையைச் செடியின் தலைமேல் உரசாமல் உயரத்தில் கட்டி, பக்கங்களைத் திறந்து விட்டால் போதும். ஸ்பெயினில் அல்மேரியா என்று ஓர் இடம், முப்பதாயிரம் ஹெக்டேர் அளவுக்குப் பிளாஸ்டிக் குடில்கள் நிற்கின்றன. அங்கேயே கோடை வந்ததும் கூரைமேல் சுண்ணாம்புக் கரைசல் அடித்துத்தான் வெயிலைக் குறைக்கிறார்கள். விசிறியும் ஈரத்திரையும் வைத்துக் குளிர வைக்கலாம் என்று விற்பவர் சொல்வார். அது வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும், ஏற்கெனவே புழுக்கமான ஊரில் இன்னும் புழுக்கத்தைத்தான் சேர்க்கும்.

மழைதான் தொல்லை என்றால் நாலு கம்பம், மேலே ஒளி புகும் தகடு, பக்கம் நாலும் திறந்த கூரை. தக்காளிச் செடியில் பின்கருகல் என்ற இலை நோய் வருவதற்கு இலை மணிக்கணக்கில் நனைந்திருக்க வேண்டும், கூரை அந்த ஒரு விஷயத்தைத் தடுத்துவிடுகிறது. திடீர் மழையில் பழம் வெடிப்பதும் குறையும். என்னைக் கேட்டால் வீட்டுத்தோட்டத்தில் போட்ட காசுக்கு அதிகப் பலன் தருவது இந்த எளிய மழைக்கூரைதான், ஆனால் படம் எடுத்துக் காட்ட அழகாக இல்லாததால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

பூச்சி என்றால் வலைக்கூண்டு. அங்குலத்துக்கு 40 கண்ணி உள்ள வலை வெள்ளை ஈயைத் தடுக்கும், இலைப்பேன் அதிலும் நுழைந்துவிடும். கண்ணி நெருங்க நெருங்கக் காற்றோட்டம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அப்புறம், ஒரு பூச்சி எப்படியோ உள்ளே போய்விட்டால் அதற்கு அது சொர்க்கம். அதைத் தின்னும் பொறிவண்டு வராது, குளவி வராது, மழை வந்து இலையைக் கழுவாது. அசுவினி, மாவுப்பூச்சி, சிவப்புச் சிலந்திப்பேன் எல்லாம் மூடிய இடத்தில் வெளியை விட வேகமாகப் பெருகும். தேனீயும் வராது என்பதால் பூசணி, பாகல் வகைகளுக்குக் காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நீங்களே தொட வேண்டும். தக்காளி, மிளகாய்க்கு அந்த வேலை இல்லை, பூங்கொத்தை லேசாக உலுக்கினால் போதும்.

ஆக, முழுக் குடில் நியாயமாகத் தேவைப்படுவது குளிர் உள்ள இடத்தில்தான். வளரும் பருவம் குறுகலாக இருந்து, முன்னால் ஒரு மாதம் பின்னால் ஒரு மாதம் கூடக் கிடைத்தால் மிளகாயும் கத்தரியும் பழுத்து முடியும் என்கிற நிலையில் உள்ளவர்களுக்குக் குடில் பெரிய வரம். அங்கேயும் ஒரு கேள்வி: உங்களுக்கு வேண்டியது நாற்று மட்டும்தானா? அப்படியானால் வீட்டுக்குள் ஒரு எல்இடி விளக்கும் இரண்டு குழித்தட்டும், வெளியில் நாற்றைப் பழக்கக் கண்ணாடி மூடி போட்ட ஒரு மரப்பெட்டியும் போதும். பாத்திமேல் வளைத்துக் கட்டும் தாழ்ந்த பாலித்தீன் கூடாரமும் பல வேலை செய்யும்.

சூடாக்குவதற்கு முன் ஒரு கணக்கு

குளிர்காலம் முழுக்கக் குடிலைக் கதகதப்பாக வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு நினையுங்கள். 2 மீட்டருக்கு 3 மீட்டர் குடில், சுவர் 2 மீட்டர் உயரம். சுவரும் கூரையும் சேர்த்து 27 சதுர மீட்டர் வரும். ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், சுமார் 6 வாட் வெப்பத்தை விடும். வெளியை விட 10 டிகிரி அதிகம் வேண்டுமென்றால் 27 × 6 × 10, அதாவது 1,620 வாட். ஒரு மணி நேரத்துக்கு 1.6 யூனிட் மின்சாரம், 12 மணி நேர இரவுக்கு 19 யூனிட்டுக்கு மேல். இது இடுக்குகளில் கசிகிற காற்றைச் சேர்க்காத கணக்கு. 10 மி.மீ. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் (நடுவில் காற்று இடைவெளி உள்ள பிளாஸ்டிக் தகடு) என்றால் ஏறக்குறைய பாதி ஆகும். உங்கள் ஊர் மின்கட்டணத்தை இதோடு பெருக்கி, அந்தத் தொகைக்குக் கிடைக்கும் தக்காளியைக் கடையில் வாங்கினால் எவ்வளவு வரும் என்று பாருங்கள். சிரிப்பு வரலாம். உறைபனி மட்டும் தொடாமல், 2, 3 டிகிரியில் நிறுத்துவது என்றால் செலவு வெகுவாகக் குறையும், அது பலருக்குக் கட்டுப்படியாகும்.

இடமும் காற்றும்

ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் குடில் வைப்பதில் பொருளில்லை. கூரையும் சட்டமும் சேர்ந்து வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும், கண்ணாடியே சுமார் 90 சதவீதம்தான் விடும், இரட்டைச் சுவர்த் தகடு 80 சதவீதம் அளவுக்கு விடும், பாசி படிந்தால் இன்னும் குறையும்.

காற்றைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரை ஏறக்குறைய 48 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரச் சுவர் என்றால் கிட்டத்தட்ட 290 கிலோ. பெட்டியில் வருகிற மெல்லிய அலுமினியச் சட்டத்தை வெறும் மண்மேல் வைத்து நாலு ஆணி அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகும். மொட்டைமாடியில் காற்று தரையை விட வேகமாக அடிக்கும், அங்கே தளத்தைத் துளையிட்டு நங்கூரம் போடவும் எல்லோராலும் முடியாது, ஒழுக ஆரம்பித்தால் வேறு தலைவலி. புயல் அடிக்கும் பகுதியில் மாடி மேல் குடில் என்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், கழற்றி மடித்து வைக்கக்கூடிய வலைப்பந்தல்தான் சரி.

தண்ணீர் யார் ஊற்றுவது?

குடிலுக்குள் மழை பெய்யாது. ஒரு துளி கூட உங்கள் கையால்தான் வர வேண்டும், வெயில் நாளில் சின்னத் தொட்டிகளுக்கு இரண்டு வேளை. பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், அடிக்கடி வெளியூர் போவீர்கள் என்றால், டைமர் வைத்த சொட்டுநீரையும் தானாகத் திறக்கும் கூரை ஜன்னலையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். அந்த ஜன்னலுக்கு மின்சாரம் வேண்டாம், உருளைக்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து தள்ளித் திறக்கும். மழை கழுவாத மண்ணில் உர உப்பும் சேரும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டு வடிய விட வேண்டும், ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்தால் வேரைத் தாக்கும் நூற்புழுவும் சேரும். வளர்ப்புப் பையில் வைத்தால் மண்ணை மாற்றுவது சுலபம்.

சரி, வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால்

உடனே வாங்காதீர்கள், அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டும் வெப்பமானி ஒன்றை குடில் வரப்போகிற இடத்தில் நிழலில் தொங்கவிட்டு ஒரு பருவம் குறித்து வாருங்கள். இரவில் 12, 13 டிகிரிக்குக் கீழே போகிற நாட்கள் எத்தனை, பகலில் 35 தாண்டுகிற நாட்கள் எத்தனை? முதலாவது அதிகம் என்றால் குடில் உங்களுக்கு வேலை செய்யும். இரண்டாவது அதிகம் என்றால் வலைப் பக்கம் திரும்புங்கள். இரண்டுமே அதிகம் என்றால், பக்கச் சுவரைச் சுருட்டி ஏற்றக்கூடிய, கூரை உயரமான குடிலைத் தேடுங்கள்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது திறப்புகள். கூரையில் திறக்கும் பரப்பு தரைப் பரப்பில் 15 முதல் 20 சதவீதமாவது இருக்க வேண்டும், சின்ன மலிவுக் குடில்களில் ஒரே ஒரு ஜன்னல்தான் இருக்கும். உயரம் எவ்வளவு கிடைத்தாலும் நல்லது, காற்றின் அளவு கூடினால் வெப்பம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். மூடுபொருளில் புற ஊதாக் கதிர் தாங்கும் பாலித்தீன் நாலைந்து வருடம் வரும், பாலிகார்பனேட் பத்து வருடத்துக்கு மேல், கண்ணாடி உடையாத வரை. குழந்தைகள் ஓடியாடும் தோட்டத்தில் சாதாரணக் கண்ணாடி வேண்டாம், கடினப்படுத்தியதாகக் கேளுங்கள். கதவு தள்ளுவண்டி நுழையும் அகலம் இருக்கட்டும். பழைய குடில் யாராவது கொடுத்தால் தயங்காமல் வாங்கலாம், ஆனால் கழற்றும்போது ஒவ்வொரு சட்டத்திலும் எண் எழுதி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதைச் செய்யாதவர்கள் வீட்டில் அந்தக் குழாய்க் கட்டு இன்னும் சுவரோரம் சாய்ந்தேதான் கிடக்கிறது.