ஆக்சிஜன் சேம்பருக்குள் எது போகலாம், எது போகக்கூடாது: கூடப் போகிறவர்களுக்கான செய்முறை

அப்பாவின் காலில் சர்க்கரைப் புண் ஆறவே இல்லை. டாக்டர் ஹைபர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை எழுதிக் கொடுத்தார். அதாவது, சேம்பர் என்ற மூடிய கூண்டுக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பது. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோயமுத்தூருக்குப் போனால், முதல் நாளே உள்ளே விடவில்லை. காரணம், அம்மா காலையில் அவர் தலைக்கு வழக்கம்போலத் தேய்த்துவிட்ட தேங்காய் எண்ணெய். நீங்களும் அப்படித் திரும்பி வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று தெரிந்துகொள்ளுங்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஒருவர் மட்டும் படுக்கும் சேம்பரில் பெரும்பாலும் சுத்த ஆக்சிஜன், அதுவும் வெளியே இருப்பதைப்போல 2 அல்லது 2.5 மடங்கு அழுத்தத்தில். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் வெளியே லேசில் பற்றாத துணியும் எண்ணெயும் அங்கே ஒரு சின்னப் பொறிக்கே பற்றிக்கொள்ளும். அழுத்தம் இறங்காமல் கதவையும் திறக்க முடியாது. 1997இல் இத்தாலியின் மிலான் நகரில் பலர் உட்காரும் சேம்பர் ஒன்றில் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். கை சூடாக இருக்கட்டும் என்று ஒரு நோயாளி உள்ளே கொண்டுபோன சின்னப் பொருளில் தொடங்கிய தீ அது. நம் பக்கம் மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பெரியவர்கள் மடியில் எதையாவது சூடாக வைத்துக்கொள்வார்கள், அதனால் மடியையும் பாருங்கள்.

முந்தின நாள் ராத்திரியே தலைக்குக் குளிக்க வைத்து, அதன்பிறகு எண்ணெய், வாசலின், சென்ட், தைலம் எதுவும் போடாதீர்கள். உடுப்பு, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சுத்தப் பருத்தி மட்டும். செட்டு முண்டும் பருத்திதானே என்று நினைக்காதீர்கள், கரையில் ஜரிகை இருக்கிறது, அது பருத்தி இல்லை.

அடுத்து, உடம்போடு இருக்கும் மருத்துவக் கருவிகள். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்றின் அளவு பாதியாகச் சுருங்கும், வெளியே வரும்போது மறுபடி விரியும். மூச்சுக்குழாயில் டியூப் போட்டிருந்தால், அதைப் பிடித்திருக்கும் குட்டி பலூனில் காற்று இருக்கக்கூடாது, பலூன் சுருங்கி மூச்சுக்காற்று ஓரமாகக் கசிந்துவிடும். முன்கூட்டியே காற்றை எடுத்துவிட்டு சலைன் நிரப்புவார்கள், நிரப்பினார்களா என்று கேளுங்கள். டிரிப்ஸ் ஓடினால் கண்ணாடி பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக் பைதான். அழுத்தம் ஏறும்போது டிரிப் சேம்பரில் (பைக்குக் கீழே சொட்டு விழும் சின்னக் குப்பி) நீர்மட்டம் உயரும், இறங்கும்போது காற்று விரிந்து குழாய்க்குள் போகப் பார்க்கும், அதனால் அந்த நேரத்தில் டெக்னீசியன் கண் அதன்மேல் இருக்க வேண்டும்.

பேட்டரி உள்ளவை தனிக்கதை. இன்சுலின் பம்ப், கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சார், புண்ணில் மாட்டியிருக்கும் உறிஞ்சும் பம்ப், காது மெஷின், போன், வாட்ச் எல்லாவற்றையும் பற்றி ஒவ்வொன்றாக வாயால் சொல்லுங்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். பேஸ்மேக்கர் இருந்தால் அதன் கார்டைக் கொண்டுபோங்கள். எந்த மாடல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கம்பெனி சோதித்து வைத்திருக்கும், அதைப் பார்க்காமல் உள்ளே அனுப்பக்கூடாது. புண்ணுக்குப் போட்ட கட்டுக்குள் வாசலின் தடவிய துணி இருந்தால் அதையும் சொல்லுங்கள், அப்பாவுக்குக் கட்டையே மாற்றினார்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு உள்ளே இருக்கும்போது சர்க்கரை இறங்கலாம். அதனால் பரிசோதனை வெளியிலேயே, ஏறுவதற்கு முன். வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கதவு மூடும் முன் மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டுவார்கள். உடம்பில் சேரும் ஸ்டேட்டிக் மின்சாரத்தைத் தரைக்கு இறக்குவது அது. அரிக்கிறது என்று அப்பா கழற்றப் பார்த்தார், விடவில்லை. தாயத்து, அரைஞாணில் கோத்த வெள்ளி எதுவும் இருந்தால் அதற்குள் அவிழ்த்து உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. காது மெஷினைக் கழற்றிவிட்டால் டெக்னீசியன் மைக்கில் சொல்வது கேட்காது. நாங்கள் வெளியிலேயே சைகை பேசி வைத்துக்கொண்டோம்: காது அடைத்தால் ஒரு கை, மூச்சு முட்டினால் இரண்டு கை. மூன்றாம் நாள் அப்பா ஒரு கை தூக்கினார், உடனே அழுத்தம் ஏற்றுவதை நிறுத்தினார்கள், எச்சில் விழுங்கச் சைகை காட்டினார்கள், காது திறந்ததும் மெதுவாகத் தொடர்ந்தார்கள்.