சினிமாச் செய்தி சரிதானா? நீங்களே சரிபார்க்கும் வழி

தேர்தல் செய்தியில் தொகுதியின் பெயர் மாறிவிட்டால் மறுநாளே திருத்தம் வரும். படத்தின் ஆண்டு மாறினால் "சினிமாதானே" என்று விட்டுவிடுவார்கள். ஆகவே அந்த வேலை வாசகர் தலையில் விழுகிறது. பழகிவிட்டால் சுவாரசியமான வேலைதான்.

படி 1: வரியைப் பிரியுங்கள்

"1952இல் கருணாநிதி இயக்கத்தில் வெளிவந்த, சிவாஜியின் முதல் படமான பராசக்தி" என்று ஒரு வரி வருகிறது என்று வையுங்கள். ஆண்டு சரி. முதல் படம் என்பதும் சரி. ஆனால் இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு. கருணாநிதி எழுதியது திரைக்கதை வசனம். இரண்டு உண்மைகளுக்கு நடுவே உட்கார்ந்த பிழை லேசில் கண்ணில் படாது. எனவே பெயர், ஆண்டு, விருது, "முதல்" என்ற சொல் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரே தலைப்பா?

பொல்லாதவன், படிக்காதவன், மாப்பிள்ளை மூன்றும் ரஜினிகாந்த் படத் தலைப்புகள். பின்னர் தனுஷ் படங்களுக்கும் வந்தன. இவற்றில் மாப்பிள்ளை (2011) மட்டுமே பழைய படத்தின் ரீமேக். வெற்றிமாறனின் பொல்லாதவனுக்கு (2007) 1980ஆம் ஆண்டுப் படத்தோடு தலைப்பைத் தவிர உறவில்லை.

படி 3: விருதா, விருதின் வாசலா?

அதிகம் சறுக்குவது இங்கேதான். ஆஸ்கர் தகுதிப் பட்டியலில் இருப்பது ஒன்று. நாட்டின் சார்பில் அனுப்பப்படுவது வேறு. இறுதிப் போட்டிக்குள் நுழைவது இன்னும் வேறு. ஜெய் பீம் 94ஆவது ஆஸ்கருக்கான 276 படங்களின் தகுதிப் பட்டியலில் இருந்தது, அதைத் தாண்டவில்லை. விசாரணை அயல்மொழிப் படப் பிரிவுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது; விருதுக்குப் போட்டியிடும் இறுதி ஐந்துக்குள் வரவில்லை. அந்த ஐந்துக்குள் நுழைந்த மூன்றாவது இந்தியப் படம் லகான்; அதற்கு முன் மதர் இந்தியாவும் சலாம் பாம்பேயும்தான். தலைப்பில் "ஆஸ்கர்" என்று கண்டதும் எந்தக் கட்டம் என்று கேளுங்கள்.

தேசிய விருதில் ஆண்டுதான் குழப்பும். சூரரைப் போற்று பெற்றவை 2020ஆம் ஆண்டுக்கான 68ஆவது விருதுகள். அறிவிப்பு வந்தது 2022 ஜூலையில். அங்கே கணக்கு தணிக்கைச் சான்றிதழின் தேதிப்படி. டிசம்பரில் சான்றிதழ் வாங்கிப் பொங்கலுக்கு வெளியாகும் படத்துக்கு இரண்டு ஆண்டுகளும் பொருந்திவிடும். எது எதற்கென்று தெரிந்து எழுத வேண்டும்.

படி 4: தொலைக்காட்சி நினைவுகள்

இரண்டு தேதிகள் போதும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. சன் டிவி 1993 ஏப்ரல் 14. எண்பதுகளில் சன் டிவி பார்த்து வளர்ந்ததாகக் கட்டுரை உருகினால், மீதியைக் கற்பனை என்று ரசியுங்கள்.

படி 5: தளங்களை எண்ணாதீர்கள்

பத்துத் தளங்கள் சொன்னாலும் ஊற்று ஒன்றாக இருக்கலாம். 2009இல் இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் இறந்தபோது, அயர்லாந்து மாணவர் ஒருவர் விக்கிப்பீடியாவில் புகுத்திய போலி மேற்கோளைப் பெரிய பத்திரிகைகளே அவர் சொன்னதாக அச்சிட்டன.

மாற்று வழி, அன்றைய காகிதம். எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இதழ்கள் இருக்கின்றன. ரோஜா முத்தையாவில் பாட்டுப் புத்தகங்களும் உண்டு. யார் எழுதினார், யார் இசை என்பதற்குப் பாட்டுப் புத்தகமும் படத்தின் டைட்டிலும் நல்ல சாட்சி. வெளியீட்டுத் தேதிக்கு நாளிதழின் தியேட்டர் விளம்பரம்: "இன்று முதல்" என்று இருக்கிறதா, "விரைவில்" என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முன்கூட்டி அறிவித்துத் தள்ளிப்போன படங்கள் ஏராளம்.

படி 6: எழுதிப் போடுங்கள்

தேதி, பக்கம், தவறான வரி, சரியான வரி, சான்றின் படம். இவ்வளவுதான் கடிதம், கிண்டல் வேண்டாம். இணையச் செய்தி என்றால் அனுப்பும் முன் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் திருத்திவிட்டு, அப்படி எதுவும் வரவில்லையே என்று பதில் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.