டூரிங் பைக்குக்கு வைசர் மாற்றுவது எப்படி? கேஸ்கட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்

காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம், திருச்சி என்று அடிக்கடி பைக்கில் போகிறவர்களுக்கு வண்டியோடு வரும் குட்டி வைசர் (ஹேண்டிலுக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி போன்ற தகடு) போதாது, வேகம் எண்பதைத் தொட்டாலே காற்று நெஞ்சில் அறையும். அதற்காகக் கடையில் இருப்பதிலேயே உயரமானதை வாங்கிவிடாதீர்கள். காற்றை முழுக்க மறைத்துவிட்டால் சித்திரை வெயிலில் இன்ஜின் சூட்டோடு வெந்துபோவோம். சீட்டில் நேராக உட்கார்ந்தால் வைசரின் மேல் விளிம்பு உங்கள் மூக்கு உயரத்தைத் தாண்டக் கூடாது. பார்வை அதற்கு மேலாகப் போக வேண்டும்.

வைசர் இரண்டு வகை பிளாஸ்டிக்கில் கிடைக்கும். பாலிகார்பனேட் அடி தாங்கும், ஆனால் சீக்கிரம் கீறல் விழும். அக்ரிலிக் பளிச்சென்று இருக்கும், கல் பட்டால் விரிசல் விடும். நம் ஊர் லாரிகளுக்குப் பின்னால் போவதற்கு நான் பாலிகார்பனேட்டைத்தான் சொல்வேன். கறுப்பு நிறம் வேண்டாம்.

இனி வேலை. ஆலன் கீ செட், திருப்புளி, மாஸ்கிங் டேப், சோப்புத் தண்ணீர் போதும். வண்டியை நிழலில் விட்டுச் சூடு ஆறட்டும். கீழே ஒரு பழைய வேட்டியை விரியுங்கள், விழுகிற வாஷர் அதிலேயே கிடக்கும், ஆத்தங்குடித் தரை என்றால் வீட்டில் திட்டும் விழாது.

முதலில் வைசரைச் சுற்றியுள்ள பெயின்டில் டேப் ஒட்டிவிட்டு போல்ட்டுகளைக் கழற்றுங்கள். பல வண்டிகளில் உள்ளே பித்தளை மரை பதித்த ரப்பர் நட்டு இருக்கும். போல்ட்டோடு அதுவும் சேர்ந்து சுற்றினால், பின்பக்கம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். ரப்பர் வெடித்திருந்தால் புதிது போடுங்கள்.

அடுத்தது கேஸ்கட், அதாவது வைசருக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பட்டை. பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை, புது வைசரில் வரும் கடகட சத்தத்துக்குப் பெரும்பாலும் இறுகிப்போன பழைய ரப்பர்தான் காரணம். பழைய பசையை உபயோகமில்லாத ஏடிஎம் கார்டால் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். பெட்ரோலும் தின்னரும் பாலிகார்பனேட்டில் விரிசல் விழவைத்துவிடும், பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். புது கேஸ்கட் ஒட்டும் வகை என்றால் இடம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். விளிம்பில் செருகும் வகை என்றால் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு உட்காரும், கிரீஸ் வேண்டாம். எதுவானாலும் இழுத்துப் பிடித்து ஒட்டாதீர்கள், இழுத்த ரப்பர் நாளடைவில் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். காற்று போக கம்பெனியே விட்டிருக்கும் ஓட்டையையும் அடைக்கக் கூடாது.

சரி, இப்போது புது வைசரை வைத்து எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் மாட்டுங்கள். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் துளை பொருந்தாது. அப்புறம் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி முறுக்குங்கள், பிடிப்பு கிடைத்த பிறகு கால் சுற்று, அவ்வளவுதான். போல்ட்டின் தலைக்குக் கீழே நைலான் வாஷர் அவசியம். போல்ட் கழலாமல் இருக்கப் போடும் லாக்டைட் மாதிரி பசை பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும், அது வேண்டாம். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி எங்கேயும் இடிக்கிறதா, கேபிள் இழுக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு தேவகோட்டை ரோட்டில் ஒரு சுற்று போய் வாருங்கள். விசில் மாதிரி சத்தம் வந்தால் கேஸ்கட்டில் எங்கேயோ இடைவெளி இருக்கிறது. ஹெல்மெட் உதறினால் உயரம்தான் பிரச்சினை: கொஞ்சம் குனிந்தால் அடங்குகிறது என்றால் வைசர் குட்டை, நிமிர்ந்தால் அடங்குகிறது என்றால் அதிக உயரம். பாம்பன் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று பெரிய வைசரைப் பிடித்துத் தள்ளும், அங்கே வேகத்தைக் குறையுங்கள்.

முதல் நீண்ட பயணம் முடிந்ததும் போல்ட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். செம்மண் புழுதியைக் காய்ந்த துணியால் தேய்க்காமல், தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுக் கழுவுங்கள்.