மீன்பிடிக் காட்சிகளைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய கேமரா வாங்கியவர்களை மீன்பிடிக் கடற்கரைகள் எளிதில் ஈர்த்துவிடுகின்றன. படகு, வலை, அலை, மீன், உழைக்கும் மனிதர்கள் என எல்லாம் ஓரிடத்திலேயே இருப்பதால் படம் தானாகவே நன்றாக அமைந்துவிடும் என்று தோன்றும். வீடு திரும்பிப் பார்த்தால் முகங்கள் கறுத்து, வானம் வெளுத்து, வலை எங்கே என்று தேட வேண்டிய நிலையில் பல படங்கள் இருக்கும். கேமராவின் விலைதான் காரணம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். என் பார்வையில், தொழில் எந்த வரிசையில் நடக்கிறது, அப்போது வெயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற இரண்டையும் கவனிக்காததாலேயே பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன.

அவற்றுள் பெரியது நிற்கும் இடத்தைப் பற்றியது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் காலைச் சூரியன் கடலுக்கு மேலே எழுகிறது. படகுகளும் அந்தத் திசையிலிருந்துதான் கரைக்கு வருகின்றன. கரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்தால் படகும் ஆட்களும் வெயிலுக்கு முன்னால் நிற்பதால் இருண்ட உருவங்களாகவே பதிவார்கள். குமரி மாவட்டத்தில் குளச்சல் போன்ற மேற்குக் கரை ஊர்களில் மாலை நேரத்தில் இதே சிக்கல் வரும். நிழலுருவம்தான் வேண்டுமென்றால் வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப கேமராவின் ஒளி அளவை வைத்து, ஒருவர்மேல் ஒருவர் மறையாமல் உருவங்கள் தனித்தனியே தெரியும் கணத்தில் எடுக்க வேண்டும். முகம் வேண்டுமென்றால் நாம்தான் இடம் மாற வேண்டும்.

கரைவலை இழுப்பதை இதற்கு நல்ல பயிற்சியாகச் சொல்வேன். படகில் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்துவிட்ட வலையின் இருமுனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு குழுக்கள் பிடித்து இழுக்கின்றன. வலை நெருங்க நெருங்க இரு குழுக்களும் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. கடைசியில் மீன் சேர்ந்திருக்கும் மடி கரையேறுகிறது. இழுப்பவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்த்தபடி, உடலைப் பின்னுக்குச் சாய்த்து இழுக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றால் கிடைப்பது முதுகு மட்டுமே. கயிற்றுக்கு வெளிப்புறமாக, நீரோரத்துக்குச் சென்று கரையை நோக்கித் திரும்பி நின்றால், கடலுக்கு மேலிருந்து வரும் காலை வெயில் அவர்களுடைய முகத்திலும் கைகளிலும் நேராக விழும். கண்ணுக்குத் தெரியும் இந்தச் சிறு மாற்றம், விலையுயர்ந்த லென்ஸ் தருவதைவிட அதிகம் தருகிறது. மடி கரையேறும் வரை கேமராவைப் பையிலேயே வைத்திருப்பதும் தவறுதான். மடியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்த பிறகு தலைகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. நீண்ட நேரம் நடக்கும் இழுப்பில்தான் உழைப்பின் படங்கள் இருக்கின்றன.

வீச்சு வலையை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஷட்டர் வேகத்தில், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தில், தவறுகிறார்கள். வலை கையை விட்டு விரிந்து நீரைத் தொடுவதற்குள் ஓரிரு நொடிகூட ஆவதில்லை. கேமராவைத் தானியங்கி முறையில் விட்டால் 1/200 நொடி போன்ற வேகத்தை அது தேர்ந்துகொள்ளக்கூடும். அதில் வலையின் விளிம்பு கலங்கிவிடும். 1/1000 அல்லது அதற்கு மேல் வைத்து, வீசுபவர்மேல் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து, அவர் உடலைத் திருப்பத் தொடங்கும்போதே தொடர் படங்களாக எடுக்க வேண்டும். பின்னணியும் அதே அளவு முக்கியமானது. மெல்லிய நூல் வெளுத்த வானத்துக்கு முன்னால் மறைந்துவிடும். பிச்சாவரத்தில் அலையாத்தி மரங்களின் அடர்ந்த பச்சை பின்னால் இருக்க, வெயில் எதிர்ப்புறமிருந்து வந்தால், வலையிலிருந்து தெறிக்கும் ஒவ்வொரு துளியும் மின்னும். எதிர்வெயில் எப்போதுமே கெடுதல் என்று எண்ணிவிடக் கூடாது.

கேமராவின் ஒளி அளவீடு எல்லாக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அதனால் வெண்மணலும் நுரையும் நிறைந்த காட்சியை அது தேவைக்கு மேல் இருட்டாக்கும். கேமராவில் உள்ள ஒளித் திருத்தத்தை (exposure compensation) +0.7 அல்லது +1 வைத்தால் சரியாகும். கறுத்த படகுப் பலகையில் கிடக்கும் வெள்ளி நிற வாவல் மீனை எடுக்கும்போது இதற்கு மாறாகக் குறைக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் செதில்கள் விவரமே இல்லாத வெள்ளைத் திட்டுகளாகிவிடும். வெயிலில் கேமராத் திரையைப் பார்த்து வெளிச்சத்தை மதிப்பிடுவது ஏமாற்றும் என்பதால் படத்தின் இருள், வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தைப் பார்ப்பதே நல்லது.

சென்னை காசிமேட்டில் விடியலுக்கு முன்பே மீன் விற்பனை சூடுபிடித்துவிடுகிறது. படத்தில் புள்ளிகள் வரக் கூடாது என்று ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான கேமராவின் உணர்திறனை, 100-லேயே வைத்திருப்பவர்களுக்கு அங்கே ஒரு படமும் தெளிவாக அமையாது. புள்ளிகளைப் பின்னர் ஓரளவு குறைக்கலாம்; கலங்கிய முகத்தை மீட்க முடியாது. 1/250-க்குக் கீழே வேகம் இறங்காதபடி வைத்து, ஐஎஸ்ஓவை 3200 அல்லது 6400 வரை ஏறவிடலாம். ஃபிளாஷ் போட்டால் ஈர மீன்களில் பளிச்சென்ற திட்டுகள் விழும், விலை பேசுபவர்களுக்கும் தொல்லையாகும். பகலில் நீரின் கண்கூச்சத்தைக் குறைக்கப் லென்ஸில் போட்ட போலரைசர் வடிகட்டியை இங்கே கழற்ற மறப்பவர்களும் உண்டு. அது ஒளியில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தின்றுவிடும்.

மீனைத் தனியாக எடுப்பதென்றால் தாமதிக்கக் கூடாது. அயிலையின் முதுகில் உள்ள பச்சையும் நீலமும் கலந்த வரிகள் உயிர் போன பின் மங்கிக்கொண்டே போகும். மணலையும் இரத்தத்தையும் கழுவி, ஈரம் காயும் முன், கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுக்க வேண்டும். தூண்டிலில் பிடித்த மீனைக் கையை நீட்டிக் கேமராவுக்கு அருகில் காட்டி அகல லென்ஸில் எடுப்பதை நான் ஏற்பதில்லை. மீன் பெரிதாகத் தெரியுமே தவிர, விரல்களும் சேர்ந்து வீங்கிப் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். திரும்ப விடப்போகும் மீனென்றால் கேமராவை முதலில் தயாராக்கிவிட்டு, அதன்பிறகே நீரிலிருந்து சில நொடிகள் தூக்க வேண்டும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கோடை விடுமுறையில் துறைமுகத்துக்குப் போய்ப் படகுகள் கட்டிக் கிடப்பதைக் கண்டு ஏமாறுகிறவர்கள், அந்த நாள்களில் நடக்கும் வலை பின்னுதல், படகு பழுது பார்த்தல் ஆகியவற்றை எடுக்கலாம். எந்த நாளானாலும் முகத்தை நெருங்கி எடுக்கும்முன் கேட்க வேண்டும். காய வைத்த வலையைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது. இழுபடும் கயிற்றைத் தாண்டக் கூடாது.

கருவியைப் பொறுத்தவரை எதிரி உப்புதான். லென்ஸில் படிந்த உப்புத் துளியைச் சட்டை நுனியால் துடைத்தால் அதோடு ஒட்டிய மணல் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுகுழலால் மணலை ஊதிவிட்டு, சற்றே ஈரமாக்கிய லென்ஸ் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காற்று வீசும் கரையில் லென்ஸ் மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும். குளிரூட்டிய விடுதி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குக் கேமராவை எடுத்துச் சென்றால் கண்ணாடியில் நீராவி படியும் என்பதால், மூடிய பையிலேயே அரை மணி நேரம் வெளிவெப்பத்துக்குப் பழகவிட்ட பிறகு திறக்கலாம். திரும்பியதும் கேமராவின் உடற்பகுதியையும் முக்காலியின் இணைப்புகளையும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த பிறகே பெட்டியில் வைக்க வேண்டும்.