தூக்கணாங்குருவியை 32 பக்கங்களுக்குள் கொண்டுவருவது எப்படி?

குழந்தைகளுக்கு அபுனைவு, அதாவது கற்பனைக் கதையல்லாமல் உண்மைச் செய்திகளைச் சொல்லும் நூல், எழுதத் தொடங்கும் பலருக்குத் தகவலில் பஞ்சம் இருப்பதில்லை. எதை முதலில் சொல்வது, எதை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்பதில்தான் தடுமாற்றம். கடைசியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளிக் கட்டுரையாகவே வந்து நிற்கும். பிள்ளை இரண்டாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிடும்.

6 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்குத் தூக்கணாங்குருவியைப் பற்றி ஒரு படப்புத்தகம் செய்வதாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கேள்விகளைச் சேருங்கள்

பனையிலிருந்து விழுந்த பழைய கூடு ஒன்றை என் அக்கா மகளிடம் கொடுத்தேன். வாசல் எதுவென்று தெரியாமல் உருட்டி உருட்டிப் பார்த்தாள். நீளமாகத் தொங்கும் குழலைக் கண்டுபிடித்து, அதற்குள் கையை விட்டுத் துழாவினாள். "வாசல் கீழ இருக்கே சித்தி, முட்டை விழுந்துடாதா?" என்றாள். நான் குறித்து வைத்திருந்த அறிவியல் பெயரும் உடல் அளவுகளும் அந்த நிமிடமே பின்னுக்குப் போய்விட்டன. இப்படிப் பத்துப் பன்னிரண்டு கேள்விகளைத் தனித்தனிச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: அமைப்பை முடிவு செய்யுங்கள்

சீட்டுகளைத் தரையில் பரப்பி வரிசை மாற்றிப் பாருங்கள். கேள்வி-பதிலாக அடுக்கலாம். சிட்டுக்குருவிக் கூடு, தையல்சிட்டுக் கூடு என ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். வகை வகையாகப் பிரிக்கலாம். அல்லது நடந்தது நடந்தபடி, காலவரிசையில் சொல்லலாம்.

நான் இங்கே காலவரிசையைத்தான் எடுப்பேன். காரணம் அந்தக் குருவியே தருகிறது. கூடு கட்டுவது ஆண். ஆனால் முழுசாகக் கட்டிவிடாது. தலைக்கவசத்தைத் தொங்கவிட்டதுபோல் பாதியில் நிற்கும்போது, சிறகடித்துக் கூவிப் பெண் குருவிகளை அழைக்கும். பெண் வந்து உள்ளே புகுந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால்தான் முட்டை அறையும் வாசல் குழலும் கட்டி முடிக்கப்படும். பிடிக்காவிட்டால் பல கூடுகள் அப்படியே நின்றுவிடும். இவ்வளவு பெரிய திருப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'உணவு, உறைவிடம், இனப்பெருக்கம்' என்று தலைப்பிட்டுப் பிரிப்பது வீண்.

படி 3: டம்மி (மாதிரிப் புத்தகம்) செய்யுங்கள்

அச்சகத்தில் பக்கங்களை ஃபாரம் கணக்கில், அதாவது ஒரே பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து, அடிப்பதால், படப்புத்தகங்கள் பெரும்பாலும் 16, 24, 32 என்றே வரும். எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக மடித்து நடுவில் பின் அடித்தால் 32 பக்க டம்மி தயார். தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் பொருளடக்கத்துக்கும் முதல் மூன்று பக்கம் போகும். கடைசி மூன்றைப் பின்னிணைப்புக்கு விடுங்கள். மீதி 4 முதல் 29 வரை, எதிரெதிராக விரியும் 13 பக்க இணைகள். ஓர் இணைக்கு ஒரு செய்தி, அவ்வளவுதான்.

பிள்ளை பக்கத்தைத் திருப்புவது வலப்பக்க ஓரத்தில். அதனால் ஆவலைத் தூண்டும் வரி அங்கேதான் முடிய வேண்டும். நம் டம்மியில் 13-ஆம் பக்கத்தின் கடைசி வரி: "பாதிக் கூடு தயார். அதோ, யாரோ வருகிறார்கள்!" திருப்பினால் 14-15 முழுக்கப் பெண் குருவி.

படி 4: ஒரு பக்கத்தில் மூன்று குரல்கள்

முதன்மை வாசகம் உரக்கப் படிக்கும்படி நாற்பது, ஐம்பது சொற்களுக்குள் இருக்கட்டும். இப்படி:

"ஆண் குருவி நெல் தாளின் ஓரத்தை அலகால் கவ்வுகிறது. விருட்டெனப் பறக்கிறது. நீளமாக ஒரு நார் கிழிந்து வருகிறது!"

படத்துக்குக் கீழே வரும் விளக்கம், படத்தில் தெரிவதையே திரும்பச் சொல்லக் கூடாது. முட்டை அறைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பதைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம் போட்டால், அக்கா மகளின் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

மூன்றாவது, பெட்டிச் செய்தி. முதன்மை ஓட்டத்தை நிறுத்தாமல், விரும்பியவர் மட்டும் படிக்க. குருவி கூட்டுக்குள் ஈரக் களிமண் ஒட்டுவது உண்மை. அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றுகிறது என்பது வழிவழியாக வந்த நம்பிக்கை. இரண்டையும் பிரித்துச் சொல்லும் பெட்டி 12-ஆம் பக்கத்துக்கு நன்றாகப் பொருந்தும். எது உறுதியாகத் தெரிந்தது, எது வெறுமனே கேள்விப்பட்டது என்று பிள்ளைகளுக்கு நேர்மையாகக் காட்டுவதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

படி 5: பின்னிணைப்பு

30-இல் சொல்விளக்கம்: நார், அடைகாத்தல் போல ஏழெட்டுச் சொற்கள் போதும். 31-இல் சிறு தகவல் அட்டவணை: முட்டைகள் பெரும்பாலும் 2 முதல் 4, நிறம் வெள்ளை. நீங்கள் ஒதுக்கி வைத்த அறிவியல் பெயருக்கும் இதுதான் இடம்.

32-இல் பொருட்குறிப்பு. பக்க எண்கள் மாறாது என்று உறுதியான பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியாக இதைச் செய்யுங்கள். 'களிமண் – 12', 'பெண் குருவி – 14' என்று அகர வரிசையில் சொல்லும் எண்ணும் மட்டும். பிறகு டம்மியை ஒரு பிள்ளையிடம் கொடுத்து, "களிமண் எங்கே இருக்கு, தேடு" என்று சொல்லிவிட்டு, விரல் எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்று பாருங்கள்.